பாயிரமும் நூலும்: சைபர்ஸ்ரர் என்னும் திறந்த வண்டியின் உருவமைப்புப் பற்றிய ஒரு மதிப்பீடு

நூலொன்றைக் கற்கப் புகுவோன் முதற்கண் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது தமிழிலக்கண நூலார் துணிபு. பவணந்தி முனிவர் நன்னூலின் தலைவாயிலிலேயே பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டனை வகுத்து, பாயிரத்துக்கு வழங்கும் பெயர்களை அடுக்குமிடத்து முகவுரை, அணிந்துரை என்பவற்றோடு புனைந்துரை என்பதனையும் ஒன்றாக வைத்தார். உள்ளதை உரைத்தலும் உள்ளதன்மேற் புனைந்துரைத்தலும் பாயிரத்தின் இருவேறு இயல்புகள் என்பது இப்பெயர்களாற் புலனாகும். இக்காலத்து மோட்டார் வண்டி செய்வோரிடத்தும் பாயிரம் கூறும் மரபொன்று உண்டு. புதிய வண்டியொன்றை விற்பனைக்கு விடுவதற்கு ஓரிரண்டு ஆண்டுகளின் முன்னர் அதன் உருவையும் கருத்தையும் எடுத்துக் காட்டும் தனிவண்டி யொன்றைச் செய்து கண்காட்சி மண்டபத்தில் நிறுத்துவர். கருத்துருவ வண்டி என அது வழங்கும். அது ஓட்டத்துக்கென அமைந்ததன்று, உரைத்தற்கென அமைந்தது. ஆதலின் அதனை ஒரு பாயிரமாகவும், பின்னர்த் தெருவிற்கு வரும் வண்டியை நூலாகவும் கொண்டு, இரண்டனையும் ஒப்புநோக்கி மதிப்பிடுதல் பொருந்துவதேயாம்.

அவ்வாறு மதிப்பிடுதற்குத் தக்க சான்றாக எம்.ஜி. நிறுவனத்தாரின் சைபர்ஸ்ரர் ஈண்டு எடுத்துக் கொள்ளப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் அதன் கருத்துருவம் படங்கள் வாயிலாக வெளியிடப்பட்டது. ஏப்பிரிலிற் ஷாங்காய்க் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் புகழ்பெற்ற இரு இருக்கைத் திறந்த வண்டியின் வழித்தோன்றல் இதுவெனச் செய்தோரே அறிவித்தனர். 2023 ஏப்பிரிலிற் ஷாங்காய்க் கண்காட்சியில் அதன் நூல் வடிவம் வெளிப்பட்டது. 2025 ஜூலையில் அது இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. முதனூல், பாயிரம், வழிநூல் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் அளவில் இருத்தலின் ஒப்பீடு எளிதாகின்றது.

இனி, இவ்வண்டியை எந்த நிலத்தில் நிறுத்தி நோக்குவது என்பது ஒரு வினா. கண்காட்சி மண்டபத்தின் ஒளியில் நிறுத்தி நோக்குதல், பொருளதிகாரத்தைத் திணை நீக்கிக் கற்பதை ஒக்கும். திறந்த வண்டிக்குக் கருப்பொருள் மலைவீதியும் வானிலையுமாம். அவ்விரண்டும் மிகுந்த நிலம் வட்டவளை. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் பெருவீதி அவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் நீராவி மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து பொழியும் முகப்பில் அவ்வூர் அமைந்தமையால், ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழையைப் பெற்று, இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் முன்னிற்பதாக அது பேசப்படுகின்றது. கூரையில்லாத வண்டியைச் சோதித்தற்கு இதனினும் கடுமையான உரைகல் இத்தீவில் இல்லை. அன்றியும், திறந்த இரு இருக்கை வண்டி மலைநாட்டுக்குப் புதியதும் அன்று. பிரித்தானியர் காலத்தில் தோட்டத் துரைமாருட் சிலர் அத்தகைய வண்டிகளை வைத்திருந்தனர். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களிலேயே தொடங்கியது.

முதனூலின் இயல்பு முதலில் அறியற்பாலது. மொறிஸ் கராஜ் என்னும் ஒக்ஸ்போட் நகரக் கடையொன்றில் சிசில் கிம்பர் என்பார் 1920களில் தொடங்கிய மரபின் கனிந்த பயனே எம்.ஜி.பி. அதன் நீளம் 3.9 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஒன்றரை மீற்றரை மிகச் சிறிதே கடந்தது. நிறை 920 கிலோ அளவினது. 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் இயந்திரம் 95 குதிரைவலு தந்தது. இவ்வெண்களுள் ஒன்றேனும் அக்காலத்தும் வியப்பூட்டத் தக்கதன்று. வியப்பு அவற்றின் இயைபிலேயே இருந்தது. டொன் ஹேற்றர் என்பார் வரைந்த உடலமைப்பில் மிகைக்கோடு யாதும் இல்லை. முன்விளக்குகள் வட்டமானவை, முன்னணைவின் மேற்பரப்பில் சிறிது குடைந்து பதித்தவை. பக்கத்தில் ஓடும் ஒரே கோடு முன்விளக்கிற் பிறந்து பின்விளக்கில் ஒடுங்கும். இருப்பவனின் முழங்கை கதவின் விளிம்பில் தானாகவே சென்று அமரும் அளவுக்குக் கதவு தாழ்ந்தது. நன்னூலார் கூறிய பத்தழகினுள் முதலாவதாகிய சுருங்கச் சொல்லல் என்னும் அழகினை உலோகத்திற் காணவிரும்புவோன் இவ்வண்டியைக் காணலாம்.

கூரையின் செய்தி இன்னும் சுவையானது. தொடக்ககாலத்து எம்.ஜி.பி.யில், சட்டமும் துணியும் வேறுவேறாகக் கழற்றிப் பின்பெட்டியில் இட்டுவைக்கும் கூரை ஒன்று வழங்கப்பட்டது. மடித்து விடும் கூரையும் விரும்பினார்க்குக் கிடைத்தது. முன்னையதை வாங்கினோன் மழை தொடங்கிய பின்னர் வண்டியை நிறுத்தி, இறங்கி, சட்டத்தைக் கோத்து, துணியை இழுத்துப் பொத்தானிடுதல் வேண்டும். வட்டவளையில் இத்துணையும் செய்து முடிவதற்குள் இருக்கை குளமாகிவிடும் என்பதில் ஐயமில்லை. எனினும் அக்குறையே அவ்வண்டியின் பொருளுமாம். வானத்தைப் பார்த்து வண்டி ஓட்டுவோனாக அது தன் உரிமையாளனை ஆக்கிற்று. சரிவில் நின்று கொழுந்தெடுப்போர், மேலைமுகட்டில் முகில் இறங்குவதைக் கண்டவுடன் கம்பளியைத் தலைக்கு இழுத்துக் கொள்வதும், படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதும் போல, கீழே வீதியிற் செல்வோனும் அதே முகிலைக் கண்டு அதே விரைவில் தன் கூரையைத் தேடினான். ஒருவன் இன்பத்தின் பொருட்டு நனைந்தான், மற்றையோர் கூலியின் பொருட்டு நனைந்தனர், அவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் மழை இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

இம்முதனூலைச் சிதைத்தோரும் முன்னரே உளர். 1974ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு இயைய, பளபளத்த உலோக முன்தடுப்புக்குப் பதிலாகக் கருநிற றப்பர்த் தடுப்பு மாட்டப்பட்டது. உடலும் சில்லுகளின்மேற் சற்று உயர்த்தப்பட்டது. உயர்ந்தமையால் வளைவுகளிற் சாய்ந்தது; கறுத்தமையால் முகம் வீங்கினாற் போன்றது. மூலத்தைக் காத்தற்கென எழுந்த உரை மூலத்தையே மறைத்தமைக்கு ஒப்பாக இதனைக் கூறலாம். 1980 ஒக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன்பின் அந்நிறுவனத்தின் வரலாறு, நன்னூலார் பத்துக் குற்றத்துள் ஒன்றாக வைத்த சென்று தேய்ந்திறுதல் என்பதற்கு எடுத்துக்காட்டாகிவிட்டது. 1990களில் பழைய உடலையே புதுக்கி ஆர்.வி.8 என ஒன்று வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரமே செய்யப்பட்டன, அவற்றுட் பெரும்பாலன ஜப்பானுக்கே சென்றன. 1995இல் இயந்திரத்தை இருக்கைகளின் பின்வைத்த எம்.ஜி.எவ். வந்தது, அது பாராட்டத்தக்க முயற்சியே. 2005 ஏப்பிரிலில் நிறுவனம் முறிந்தது. சீன நாட்டு நாஞ்சிங் நிறுவனம் அதே ஆண்டில் அதனை வாங்கிற்று. அந்நிறுவனமும் பின்னர் ஷாங்காயின் சாய்க் நிறுவனத்தோடு இணைந்தது.

ஆகவே 2021இல் வெளிப்பட்ட பாயிரம் நாற்பதாண்டு இடைவெளியின் பின் எழுந்தது. அதனை வரைந்தோர் சாய்க் நிறுவனத்தின் இலண்டன் வரைகூடத்தார். சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியன என இலக்கண நூலார் விதித்தவற்றுள் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, கேட்போர், பயன் என்பவற்றை அதனிடத்து வினவுதல் தகும். வழி யாதெனின் எம்.ஜி.பி. என்றது. அதற்குச் சான்றாக வட்டமான முன்விளக்குகளைக் காட்டிற்று. ஏற்றியபோது கண்விழிப்பது போற் றிறக்கும்படி அவ்விளக்குகள் அமைக்கப்பட்டிருந்தன. காற்றுவாய் மெலிந்து நீண்டது. மூக்கு நீளமாயும் வால் குறுகியும் பின்புறம் நேராக வெட்டியது போலும் அமைந்தன. கதவின் பக்கத்தே ஒரு செவ்விய ஒளிக்கோடு ஓடிற்று. கூரை அறவே இல்லை. இத்துணையும் கண்ட கண்ணுக்கு இன்பந்தருவனவே. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பென எட்டனைக் கூறியவிடத்துத் தொன்மை என்பதனையும் விருந்து என்பதனையும் தனித்தனி வைத்தார். பழமையைச் சொல்வதும் வனப்பு, புதுவதாகப் புனைவதும் வனப்பு. கருத்துருவ வண்டியின் உடலமைப்பில் அவ்விரண்டும் ஒன்றையொன்று நெருக்காமல் அமைந்திருந்தன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பழைய வட்டவிளக்கு வெறும் போலியாகாமல், திறக்கும் இமையோடு புதுப்பொருள் பெற்றமை இதற்குச் சான்று. அதன் முன்புறத்தைப் போல நாணமும் துணிவும் கலந்த முகம் அண்மைக்கால வண்டிகளில் அரிது.

பின்புறத்தைப் பற்றி அவ்வாறு கூறவியலாது. பின்விளக்குகள் பிரித்தானியக் கொடியின் உருவை நினைவூட்டும்படி அமைக்கப்பட்டிருந்தன. சீன நாட்டிற் செய்து உலகெங்கும் விற்க எண்ணிய வண்டி, தான் பிறவாத நாட்டின் கொடியை முதுகில் எழுதிக் கொள்வதன் கருத்து யாது? வழி கூறுதல் வேறு. குலங் கூறுதல் வேறு. மலைநாட்டு வீதிகளும் இருப்புப்பாதையும் தோட்டங்களும் அக்கொடியின் நிழலிலேயே அமைந்தன. அவற்றை வெட்டியோரும் கல்சுமந்தோரும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். 1885இல் நானுஓயா வரை சென்று சேர்ந்த புகையிரதப் பாதை வட்டவளையின் ஊடாகவே ஏறிற்று. அவ்வீதியில் நின்று அப்பின்விளக்கைக் காண்போனுக்கு அது வெறும் அலங்காரமாக இராது. நூல் வடிவத்தில் அக்கொடியுருவம் தேய்ந்து அம்புக்குறியாக எஞ்சிற்று. அம்புக்குறி மட்டும் நின்றது நன்றே. எனினும் வலப்பக்க விளக்கு வலத்தையும் இடப்பக்க விளக்கு இடத்தையும் சுட்டி எப்போதும் எரிவதால், பின்வருவோன் இது திரும்புகின்றதோ என மயங்குவான். இது மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற்படும் என ஒருவர் நகைத்தால் அதற்கு விடையில்லை.

பாயிரத்தின் பெருங்குற்றம் உருவில் அன்று, அது கூறிய எல்லையிலேயே உள்ளது. ஒருமுறை மின்னேற்றினால் 800 கிலோமீற்றர் ஓடும் என்றும், நின்ற நிலையினின்று மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 3 விநாடிக்குள் எட்டும் என்றும் அது கூறிற்று. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது பற்றியே சிறப்புப்பாயிரத்தை ஆசிரியனின் ஆசான், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் செய்தல் வேண்டும் என இலக்கண நூலார் விதித்தனர். கருத்துருவ வண்டியோ ஆக்கியோனே தன் நூலுக்குச் செய்யும் பாயிரம். அதனால் மிகைபடக் கூறல் அதன் கூடப்பிறந்த நோயாகிவிடுகின்றது. அப்பாயிரத்தைக் கண்டு, வண்டியைச் செய்யும் முன்னரே முன்பணம் செலுத்துமாறு சீன நாட்டு மக்களை நிறுவனத்தார் கேட்டனர். போதிய தொகையினர் சேர்ந்த பின்னரே செய்கை உறுதியாயிற்று. இது பழித்தற்குரியதன்று. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்திலும் கையொப்பக்காரர் முன்னரே சேர்க்கப்பட்டனர். ஆனால் ஐயரின் கையொப்பக்காரர் பெற்றது அவர்களுக்குச் சொல்லப்பட்ட அதே நூலை.

800 என்னும் அவ்வெண் விளைத்தது என்ன என்பதை நிதானமாக ஆராய்தல் வேண்டும். மின்வண்டி நெடுந்தூரம் ஓடுதற்குப் பெரிய மின்கலத் தொகுதி வேண்டும். பெரிய மின்கலம் நிறை மிக்கது. அந்நிறையை விரைந்து இழுத்தற்கு வலுமிக்க மோட்டார் வேண்டும். அவ்வலுவைத் தாங்குதற்கு அகன்ற சில்லும் தடித்த சட்டமும் பெரிய பிறேக்குகளும் வேண்டும். அவை மேலும் நிறை சேர்க்கும். இச்சுழலில் அகப்பட்ட நூல் வடிவம் 77 கிலோவாற்று மணி அளவினதாகிய மின்கலத்தையும், இரு மோட்டார்களையுடைய வகையில் 510 குதிரைவலுவையும், 1,985 கிலோ நிறையையும் கொண்டதாயிற்று. எம்.ஜி.பி.யின் நிறையினும் இரு மடங்குக்கு மேல். நீளம் நாலரை மீற்றரைக் கடந்தது; அகலம் 1.9 மீற்றர். இத்துணையும் செய்தும் ஐரோப்பிய அளவைமுறையின்படி அது ஓடுவது 444 கிலோமீற்றரே. கூறிய தூரத்தின் பாதியளவே கிடைத்தது. கூறியதால் வந்த சுமை மட்டும் முழுதும் தங்கிவிட்டது. திறந்த இரு இருக்கை வண்டியில் எவன் ஒரே மூச்சில் 800 கிலோமீற்றர் செல்லப் போகின்றான்? கொழும்பிலிருந்து ஹற்றனுக்குச் சென்று மீள்வதற்கு 300 கிலோமீற்றர் போதும். பாயிரம் 300 எனக் கூறியிருப்பின் நூல் பல நூறு கிலோ மெலிந்திருக்கும்.

மின்வண்டியாதலின் நிறை தவிர்க்க முடியாதது என ஒரு தடை எழலாம். அத்தடையில் உண்மை உண்டு, முழுவுண்மை இல்லை. அதனைத் தெளிதற்கு ஜப்பான் நாட்டு மஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.5 என்னும் வண்டியை அயலில் நிறுத்தி நோக்குதல் நன்று. தொல்காப்பியர் வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்து மொழிபெயர்த்து அமைத்தலையும் ஒன்றாக வைத்தார். எம்.எக்ஸ்.5 அவ்வகையினது. பிரித்தானியர் கைவிட்ட திறந்த சிறுவண்டி மரபை, பொப் ஹோல் என்னும் அமெரிக்க இதழாளர் தூண்டுதலால், மஸ்டா நிறுவனத்தார் தம் மொழியிற் பெயர்த்து 1989இல் சிக்காகோவில் வெளியிட்டனர். குதிரையும் அதன்மேலோனும் ஓருடலாதல் என்பதையே அவர்கள் அதன் குறிக்கோளாகக் கூறினர். நிறை 940 கிலோ அளவே. அதன் மூன்றாம் பதிப்புக்கு முன், 2003இல் தோக்கியோவில் இபுக்கி என்னும் கருத்துருவ வண்டி காட்டப்பட்டது. அதுவும் பாயிரமே, அதில் இருந்த துணை மின்மோட்டார் நூலில் இடம்பெறவில்லை, உடற்றோற்றமும் மாறியது. ஆனால் இயந்திரத்தைப் பின்னோக்கி நகர்த்தி நிறையை வண்டியின் நடுவிற் சேர்த்தல் என்னும் அதன் கருத்து, 2005இல் வந்த நூலில் வழுவாது நின்றது. அம்மூன்றாம் பதிப்பு சிறிது பருத்துவிட்டதென உணர்ந்தோர், 2014இல் வெளிப்படுத்திய நான்காம் பதிப்பில் ஒவ்வொரு கிராமாகக் குறைத்து மீண்டும் ஒரு தொன்னின் அருகே கொண்டுவந்தனர். தடித்த பதிப்பை மெலிந்த பதிப்பால் திருத்தும் இத்துணிவு உருவமைப்போரிடம் அரிது. பாயிரத்தில் விளக்கும் கதவும் மாறலாம். நுதலிய பொருள் மாறலாகாது என்பதற்கு இபுக்கி சான்று.

சைபர்ஸ்ரர் நூல் வடிவத்தில் நுதலிய பொருள் எங்ஙனம் மாறிற்று என்பதற்கு உள்ளறையைக் காண்டல் வேண்டும். ஓட்டுபவன் முன் மூன்று ஒளித்திரைகள் வளைந்து நிற்கின்றன. நடுவே தாழ நான்காவது ஒன்றும் உண்டு. கதவுகள் கத்தரிக்கோல் போல் மேல்நோக்கி மின்வலுவால் எழுகின்றன. கருத்துருவின் திறக்கும் இமை விளக்குகள் போய், அவற்றினிடத்தில் சரிந்து நீண்ட வழக்கமான விளக்குகள் வந்தன. பாயிரத்தில் மிகச் சிறந்ததாக இருந்த முகம் நூலிற் காணப்படவில்லை. பாயிரத்தில் இல்லாத கத்தரிக்கதவு நூலில் வந்து நின்றது. மற்றொன்று விரித்தல் என நன்னூலார் குற்றங்கூறியது இதனையே போலும். தாழ்ந்த கதவின் விளிம்பில் முழங்கையை வைத்து, வளைவில் எதிர்ப்பட்டோரின் முகத்தைப் பார்த்துச் செல்வதற்கே திறந்த வண்டி பிறந்தது. அண்ணாந்து திறந்த வானத்தின் கீழ்த் திரைகளாற் சூழப்பட்டு இருப்போன் வீதியை நோக்குவானா, திரையை நோக்குவானா? வட்டவளைச் சந்தியில் பாடசாலை விட்டுச் செல்லும் பிள்ளைகளும், கொழுந்து நிறுத்து லயத்துக்கு மீளும் பெண்களும் வீதியோரத்திலேயே நடக்கின்றனர். நடைபாதை பெரும்பாலும் இல்லை. ஒருபுறம் மலை, மறுபுறம் வடிகால். 1.9 மீற்றர் அகலமுள்ள வண்டியொன்று அங்கே எதிர்ப்படும் பேருந்துக்கு விலகும்போது, எஞ்சும் இடத்தில் நடப்போர் வடிகாலுள் இறங்குவரன்றி வேறு வழியில்லை. எம்.ஜி.பி. ஒன்றரை மீற்றர் அகலமே யுடையதாய் இருந்தமை வரைவோனின் கைச்சிக்கனம் மட்டுமன்று. வீதியில் மற்றவர்க்கும் இடமுண்டு என்னும் ஒப்புதலும் அதில் அடங்கியிருந்தது.

இவ்வாறு கூறியதனால் சைபர்ஸ்ரரில் நன்மை யாதுமில்லை என்பது கருத்தன்று. ஒன்று, அதன் அமைதி. பழைய திறந்த வண்டியில் ஓட்டுபவன் தன் இயந்திரத்தின் ஓசையையே கேட்டான். மலையைக் கண்டானேயன்றி மலையைக் கேட்டிலன். மின்வண்டியில் கூரையைத் திறந்து மெல்லச் செல்வோனுக்கு ஓடையொலியும் பறவையொலியும் தேயிலைச் சரிவில் ஒருவரை ஒருவர் அழைக்கும் குரலும் கேட்கும். முதனூலார் கனவிலும் கருதாத இப்புதுமை உண்மையான விருந்து. இரண்டாவது, இறக்கத்தின் பயன். ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வளைவுகளில் பழைய வண்டியின் பிறேக்குகள் சூடேறித் தளரும். மின்வண்டியின் மோட்டார் இறக்கத்தில் மின்பிறப்பாக்கியாக மாறி, வேகத்தைக் குறைப்பதோடு ஏறுகையிற் செலவிட்ட வலுவில் ஒரு பகுதியை மின்கலத்துக்கு மீட்டுத் தருகின்றது. மூன்றாவது, கூரை மின்வலுவால் சில விநாடிகளில் தானே மூடிக்கொள்வது. மழையை எதிர்கொள்ளும் பழைய விளையாட்டு இதனால் ஒழிந்தது என வருந்துவோர் வருந்துக. வட்டவளையில் ஒருமுறை நனைந்தோர் வருந்தார்.

இவற்றோடு தொடர்புடைய மற்றொன்றும் உண்டு. மின்வண்டிக்கு உணவாகும் மின்சாரம் அம்மலைகளிலேயே பிறக்கின்றது. டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் இத்தீவின் மலையருவிகளால் மின்வலு பெறலாம் என 1918இலேயே எடுத்துரைத்தார்; அவர் கண்ட லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. ஹற்றனுக்கு அப்பால் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்னும் ஆறுகளின் நீரே அத்திட்டத் தொடரை இயக்குகின்றது. திறந்த வண்டிக்குப் பகையான மழையே அதற்கு உணவாதல் உருவமைப்போர் யாரும் எண்ணாத அணி. ஆயினும் அதே மலைத்தொடரில் லயங்களிற் பல, மின்சாரம் பிறந்த இடத்துக்கு அண்மையில் இருந்தும், அதனை நெடுங்காலம் கண்டில.

விலையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஏனெனிற் கேட்போர் யாவர் என்னும் வினாவுக்கு விடை அதிலேயே உள்ளது. 1962இல் எம்.ஜி.பி. இங்கிலாந்தில் வரியுட்பட ஏறத்தாழ 950 பவுணுக்கு விற்கப்பட்டது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் சேமித்து வாங்கக்கூடிய வண்டியாக அது அங்கே கருதப்பட்டது. சைபர்ஸ்ரர் 2024இல் அதே நாட்டில் 54,995 பவுண் முதலாக விற்கப்பட்டது. பணத்தின் மதிப்பு வீழ்ந்ததைக் கணக்கிற் கொண்டாலும் முன்னையதன் விலை இதன் பாதியளவைத் தாண்டாது. இந்தியாவில் அது 72 இலட்சம் ரூபாவுக்கு மேல் விலை கூறப்பட்டு வந்தது. இலங்கையோ 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிதிறந்த நாடு. இங்கே இதன் விலையைப் பேசுதலே வீண். எளியவனின் வேகம் என்பதே கிம்பர் வகுத்த மரபின் சிறப்புப்பாயிரம். அக்கேட்போரை விட்டு வேறு கேட்போரைத் தேடிச் சென்றமையே மின்கலத்தினும் பெரிய விலகல்.

ஆகவே சைபர்ஸ்ரரை எவ்வகை நூலாகக் கொள்வது? முதனூலின் முடிபினை ஏற்று, பின்னோன் தன் வேறுபாடுகளைச் சேர்த்து, மரபு அழியாமற் செய்வது வழிநூல். சிறுபான்மை ஒத்துப் பெரும்பான்மை வேறுபடுவது சார்புநூல். 2021ஆம் ஆண்டின் கருத்துருவம் எண்களை நீக்கி நோக்குமிடத்து எம்.ஜி.பி.க்கு உண்மையான வழிநூலாகத் தக்கதே. அதன் முகமும் அளவொழுங்கும் கூரையின்மையும் அதற்குச் சான்று. 2023ஆம் ஆண்டின் வண்டியோ இரு இருக்கை, நீண்ட மூக்கு, திறக்கும் கூரை, பெயர்ப்பலகை ஆகியவற்றில் மட்டும் ஒத்து, நிறையிலும் அகலத்திலும் விலையிலும் வேறுபட்ட சார்புநூல். சார்புநூலாதல் இழிவன்று. மின்வலுவால் ஓடும் திறந்த வண்டியைச் சிலரே துணிந்த காலத்தில் தானும் துணிந்து செய்து முடித்தமையால் அதற்கொரு தனியிடம் உண்டு. நெடுந்தூரப் பெருவீதியில் இருவர் விரைந்தும் வசதியாகவும் செல்லுதற்கு அது ஏற்றது. வழிநூல் எனத் தன்னைப் பெயரிட்டுக் கொண்டமையே வழக்கு.

2024 ஜூலையில் குட்வுட் விழாவில் எம்.ஜி. நிறுவனத்தார் அடுத்த பாயிரத்தையும் வெளியிட்டனர். சைபர் ஜி.ரி.எஸ். என்னும் அக்கருத்துருவ வண்டி சைபர்ஸ்ரரின் உடல்மேல் நிலையான கூரையொன்றைப் பொருத்தியது; 1965இல் எம்.ஜி.பி.க்கும் அவ்வாறே கூரை பொருத்தி ஜி.ரி. என ஒன்று செய்யப்பட்டதுண்டு. நிறையைப் பற்றி இப்பாயிரம் ஒன்றும் உரைக்கவில்லை.